நுட்பத்தைத் திருடித்தான் நாடுகள் வல்லரசாகின்றனவா?

பழஞ்சுவடி எழுதியது:

அண்மைக் காலமாக உலகப் பொருளாதாரத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், சீனா பிறருடைய தொழில்நுட்பத்தைத் திருடித்தான் இந்த நிலைக்கு வந்தது என்ற ஒரே வரியில் அது முடிந்துவிடுகிறது. திருட்டு நடக்கவில்லை என்று நான் வாதிட வரவில்லை. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட வழக்குகள் இருக்கின்றன. ஆனால் திருடியதால் ஒரு நாடு வல்லரசாகிவிடும் என்ற முடிவுக்கு அந்த வழக்குகள் போதிய சான்றாகுமா என்பதே என் ஐயம். பழைய கதை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் தொழில் நுட்பத்தை எவ்வளவு இறுக்கமாகப் பொத்திப் பாதுகாத்தது என்பது இன்று பலருக்கும் தெரியாது. 1718ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கைத்தொழில் வல்லுநரை ஆசைகாட்டி வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்பவருக்கு அபராதமும் சிறையும் உண்டு. வெளிநாட்டில் தொழில் செய்யும் வல்லுநர், எச்சரிக்கை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் நாடு திரும்பாவிட்டால் சொத்தையும் குடியுரிமையையும் இழக்க நேரிடும். 1774இலும் 1781இலும் வந்த சட்டங்கள் நூற்பு, நெசவுக் கருவிகளையும் அவற்றின் மாதிரிகளையும் வரைபடங்களையும் கப்பலேற்றக் கூடாது என்று தடுத்தன. வல்லுநர் வெளியேறுவதற்கான தடை 1824 வரையிலும், இயந்திர ஏற்றுமதித் தடை 1843 வரையிலும் நீடித்தன.

இந்தத் தடைகள் நடப்பிலிருந்தபோதுதான், 1789இல், சாமுவேல் சிலேட்டர் என்ற இருபத்தொரு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நூற்பு இயந்திரத்தை உருவாக்கிய ஆர்க்ரைட்டின் கூட்டாளியாக இருந்த ஜெடிடையா ஸ்ட்ரட்டின் ஆலையில் பயிற்சி முடித்தவர் அவர். கையில் ஒரு வரைபடமும் இல்லை. இயந்திரங்கள் அனைத்தும் மனப்பாடமாக இருந்தன. ரோட் ஐலண்டில் மோசஸ் பிரவுன் என்ற வணிகர், ஆர்க்ரைட் இயந்திரங்களைப் பார்த்துச் செய்யப்பட்ட சில நகல்களை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றை ஓட்டத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சிலேட்டர் வந்த பிறகுதான், 1790 டிசம்பரில், பாட்டக்கெட்டில் நூல் ஓடியது. இருபது ஆண்டுகள் கழித்து, பிரான்சிஸ் கேபட் லோவெல் பிரிட்டனில் இரண்டு ஆண்டுகள் தங்கி ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறியின் அமைப்பை நினைவில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். 1814இல் வால்தமில் அவருடைய ஆலை இயங்கத் தொடங்கியது.

அமெரிக்க அரசு இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை, வெளிப்படையாகவே ஊக்குவித்தது. கருவூலச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், வெளிநாட்டு இயந்திரங்களையும் அவற்றின் இரகசியங்களையும் கொண்டுவருவோருக்குப் பரிசளிக்கலாம் என்று பரிந்துரைத்தார். 1793ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. 1836இல் வெளிநாட்டாருக்கும் வழி திறந்தார்கள். அப்போது விதித்த கட்டணத்தைக் கவனியுங்கள்: அமெரிக்கக் குடிமகனுக்கு 30 டாலர், பிற வெளிநாட்டாருக்கு 300 டாலர், பிரிட்டன் குடிமகனுக்கு மட்டும் 500 டாலர். யாருடைய கண்டுபிடிப்பு தங்களுக்கு அதிகம் தேவைப்பட்டதோ, அவருக்கே கதவு மிகக் குறுகலாக வைக்கப்பட்டிருந்தது. பதிப்புரிமையிலும் இதே நிலைதான்; வெளிநாட்டு எழுத்தாளரின் நூலை அமெரிக்கப் பதிப்பகங்கள் அனுமதியின்றி அச்சிடுவது 1891 வரை சட்டப்படி குற்றமாகவில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் அமெரிக்கா 1989இல்தான் சேர்ந்தது.

இன்று அறிவுச் சொத்தின், அதாவது கண்டுபிடிப்புக்கும் எழுத்துக்கும் உள்ள உரிமைகளின், காவலராக நிற்கும் நாடு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எதிர்ப்பக்கத்தில் நின்றது. அப்படியென்றால் நாம் எதைத் திருட்டு என்கிறோம், எதைக் கல்வி என்கிறோம்?

சான்றாவணம் எழுதியது:

பழஞ்சுவடி அவர்களே, தகவல்களில் எனக்கு மாறுபாடு இல்லை. அவற்றிலிருந்து நீங்கள் போகும் திசையில்தான் தயக்கம். நான் வணிகச் சட்டம் படித்தவன் என்பதால் இரண்டு வேறுபாடுகளைச் சுட்ட விரும்புகிறேன்.

முதலாவது, வாக்குறுதி. சிலேட்டர் கப்பலேறியபோது அமெரிக்கா பிரிட்டனுக்கு அறிவுச் சொத்து தொடர்பாக எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. காப்புரிமைகளைப் பன்னாட்டளவில் காக்கும் பாரிஸ் உடன்படிக்கையே 1883இல்தான் வந்தது. சீனாவோ 2001 டிசம்பர் 11 அன்று உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராகி, அதன் வழியே அறிவுச் சொத்து ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக உலகச் சந்தை அதற்குத் திறந்தது. ஒப்பந்தத்தின் பயனை முழுமையாக எடுத்துக்கொண்டு கடமையை அரைகுறையாக நிறைவேற்றுவதை, ஒப்பந்தமே இல்லாத காலத்து நடத்தையோடு ஒப்பிடுவது நேர்மையாகாது.

இரண்டாவது, "திருட்டு" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பலவற்றைப் போட்டுக் குழப்புகிறோம். ஓர் ஊழியர் தலையில் இருக்கும் திறமையோடு வேறு நிறுவனத்துக்குச் செல்வது பெரும்பாலும் அவருடைய உரிமை. சந்தையில் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது, காப்புரிமை மீறப்படாதவரை, பெரும்பாலான நாடுகளில் சட்டப்படியானது. "எங்கள் சந்தை வேண்டுமென்றால் உள்ளூர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து நுட்பத்தைக் கொடு" என்று அரசு நெருக்குவது வற்புறுத்தல். ஆனால் எதிர்த்தரப்பு கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்திடுகிறது. கணினிக்குள் புகுந்து கோப்பை எடுப்பதும், ஊழியருக்குப் பணம் கொடுத்து மூல நிரலை வெளியே கொண்டுவருவதும் மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாத திருட்டு. 2014 மே மாதத்தில் சீன இராணுவ அதிகாரிகள் ஐவர் மீது அமெரிக்கா சுமத்திய குற்றச்சாட்டு இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

ஒரு வழக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் என்ற நிறுவனம் காற்றாலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் மென்பொருளையும் செய்தது. அதன் வருவாயில் பெரும்பகுதி, சீனாவின் சினோவெல் என்ற ஒற்றை வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. 2011இல் சினோவெல் திடீரென்று சரக்கை ஏற்க மறுத்தது. ஏற்கெனவே பெற்றவற்றுக்கும் பணம் தரவில்லை. சில மாதங்கள் கழித்து, சீனாவில் ஒரு காற்றாலையைச் சோதித்த பொறியாளர்கள், தாங்கள் வெளியிட்டே இராத மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். ஆஸ்திரியாவிலிருந்த துணை நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை வசப்படுத்தி மூல நிரலைப் பெற்றிருந்தார்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. அந்த ஊழியர் ஆஸ்திரியாவில் தண்டிக்கப்பட்டார். 2018இல் அமெரிக்க நீதிமன்றத்தின் நடுவர் குழு சினோவெல்லையும் குற்றவாளி என்று தீர்மானித்தது. அதற்குள் பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் பங்கு மதிப்பில் 100 கோடி டாலருக்கு மேல் கரைந்துவிட்டது. ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள், அதாவது மொத்த ஊழியரில் பாதிக்கு மேல். இந்த 700 பேரிடம், "உங்கள் முன்னோரும் இதைத்தான் செய்தார்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வரைபலகை எழுதியது:

சான்றாவணம் அவர்கள் கூறிய 700 பேர் கதையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நீண்ட காலமாக இயந்திர வடிவமைப்பில் இருப்பவன். நான் பணியாற்றிய ஒரு சிறு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம்.

நாங்கள் ஒரு கியர்பாக்ஸ் செய்துவந்தோம். அதன் வார்ப்பு உறையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. பழைய மாடலில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி பொருத்துவதற்காகப் போட்ட துளை அது. புதிய மாடலில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டோம். ஆனால் டிராயிங்கில் துளையை நீக்க மறந்து, ஒவ்வொரு உறையிலும் அதைத் துளையிட்டு, பிறகு ஒரு திருகை வைத்து அடைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் போட்டியாளர் ஒருவரின் புதிய கியர்பாக்ஸ் எங்கள் மேசைக்கு வந்தது. வண்ணம் வேறு, பெயர்ப்பலகை வேறு. பக்கவாட்டில் அதே இடத்தில் அதே துளை, அதை அடைக்க ஒரு திருகு. எங்கள் பிழையையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து ஆண்டுகள் உடைத்து உடைத்துக் கண்டுபிடித்த அளவுகள் அவை.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது வேறொன்றும் தெரிந்தது. பற்சக்கரங்கள் மெல்லக் கோணியிருந்தன. பற்களின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து குழிவிழத் தொடங்கியிருந்தது. காரணம் எங்களுக்கு உடனே புரிந்தது. பற்சக்கரத்தின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்த உலையில் கார்பன் ஏற்றுவோம். எவ்வளவு ஆழத்துக்கு ஏற வேண்டும், கடினம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் டிராயிங்கில் உண்டு. உலைக்குள் சக்கரங்களை எப்படி வைக்க வேண்டும் என்பது அதில் இல்லை. எங்கள் உலைக்காரர் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கமாட்டார். கம்பியில் கோத்து, இடைவெளி விட்டுத் தொங்கவிடுவார். ஏன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் எழுதி வைத்ததில்லை. நகலெடுத்தவர்கள் அடுக்கியிருக்கிறார்கள், சூட்டில் கோணிவிட்டது.

பழஞ்சுவடி ஐயா சொன்ன சிலேட்டர் கதையிலும் இப்படி ஒன்று உண்டு. அவர் பாட்டக்கெட்டில் கட்டிய, பஞ்சைச் சீவிச் சீராக்கும் கார்டிங் இயந்திரம் முதலில் ஓடவில்லை. பஞ்சு சீராக இறங்காமல் சுருண்டு சுருண்டு ஏறியது. தோலில் பதித்திருந்த கம்பிப் பற்களின் சாய்வு சரியில்லை. பற்களைத் தட்டி வளைத்துச் சாய்வைச் சரிசெய்த பிறகே பஞ்சு ஒழுங்காக வந்தது. அது சாய்வுப் பிழை என்று கண்டுகொள்வதற்கு, ஆண்டுக்கணக்கில் அந்த இயந்திரத்தின் அருகில் நின்ற கண் வேண்டும்.

ஆனாலும் என் கதையில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அந்தப் போட்டியாளர் தம் சக்கரங்களைக் கழித்துக் கழித்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் சரியான முறையைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குள் எங்கள் பெரிய வாடிக்கையாளர் விலைக்காக அவரிடம் போய்விட்டார். என்னோடு வேலை செய்த எட்டுப் பேர் வெளியேற வேண்டியதாயிற்று. திருட்டு அவருக்குத் திறமையைத் தரவில்லை, காலத்தைத் தந்தது. அந்தக் காலம் எங்களுடையது.

அளவுகோல் எழுதியது:

வரைபலகை அவர்களின் கடைசி வரிதான் இந்த இழையின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். அதை நாடுகளின் அளவுக்கு எடுத்துச் சென்றால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில், அடிக்கடி காட்டப்படும் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் அறிவுச் சொத்துத் திருட்டு ஆணையம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆண்டு இழப்பு 22,500 கோடி டாலர் முதல் 60,000 கோடி டாலர் வரை என்று குறிப்பிட்டது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே இரண்டரை மடங்குக்கும் மேல் இடைவெளி இருக்கும் ஒன்றை அளவீடு என்று சொல்ல இயலாது. அதன் பெரும்பகுதி, வணிக இரகசியத் திருட்டு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 முதல் 3 விழுக்காடு இருக்கலாம் என்ற ஊகத்திலிருந்து பெறப்பட்டது. திருட்டு சிறியது என்று நான் கூறவில்லை. அதன் அளவு இதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இனி சினோவெல்லுக்கு வருகிறேன். சான்றாவணம் அவர்கள் அந்தக் கதையைத் தீர்ப்போடு நிறுத்திவிட்டார். 2010இல் சினோவெல் சீனாவின் மிகப் பெரிய காற்றாலை நிறுவனமாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சரிந்து, 2020இல் ஷாங்காய் பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதே துறையில் கோல்ட்விண்ட் என்ற மற்றொரு சீன நிறுவனம் தொடக்கத்தில் ஜெர்மானிய நிறுவனங்களிடம் உரிமம் பெற்றுக் காற்றாலை செய்தது. தனக்கு வடிவமைப்பு அளித்த வென்சிஸ் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் 70 விழுக்காட்டுப் பங்குகளை 2008இல் விலைக்கு வாங்கியது. அங்கிருந்த பொறியாளர்களோடு சேர்ந்து அடுத்தடுத்த மாடல்களை உருவாக்கி, இன்று உலகின் முதல் வரிசையில் நிற்கிறது. ஒரே நாடு, ஒரே சந்தை, ஒரே அரசின் மானியம். திருடிய நிறுவனம் வீழ்ந்தது. விலை கொடுத்து வாங்கிக் கற்ற நிறுவனம் உலகத்தைப் பிடித்தது. ஓர் எடுத்துக்காட்டை வைத்து விதி எழுத முடியாது என்பதை அறிவேன். இருந்தாலும், சீனாவின் எழுச்சியைத் திருட்டால் மட்டும் விளக்குபவர்கள் இந்த இரண்டு நிறுவனங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

வேறு இரண்டு செய்திகள். வெளிநாட்டு அறிவுச் சொத்தைப் பயன்படுத்துவதற்காகச் சீனா செலுத்திய கட்டணம் 2000ஆம் ஆண்டில் 100 கோடி டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. 2021இல் 4,000 கோடி டாலருக்கும் மேல். பன்னாட்டுக் காப்புரிமை விண்ணப்பங்களில் 1978 முதல் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவை 2019இல் சீனா முந்தியது: சீனா 58,990, அமெரிக்கா 57,840. விண்ணப்பங்களின் எண்ணிக்கை தரத்தைக் காட்டாது, உண்மை. எண்ணிக்கைக்காகவே குவிக்கப்பட்ட வெற்று விண்ணப்பங்களும் அங்கே ஏராளம். ஆனால் சொந்தச் சொத்து சேரச் சேர வேலியில் அக்கறை பிறக்கிறது. 2014இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ ஆகிய மூன்று நகரங்களில் அறிவுச் சொத்துக்கெனத் தனி நீதிமன்றங்கள் அமைந்ததை அமெரிக்க அழுத்தத்தால் மட்டும் விளக்க முடியாது.

மருந்துச்சீட்டு எழுதியது:

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் நுட்பம் பணக்கார நாட்டிலிருந்து வளரும் நாட்டுக்குப் போவதையே பேசினீர்கள். எதிர்த்திசையில் போனவற்றுக்கு இந்தச் சொற்கள் ஏன் பயன்படுவதில்லை?

1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராபர்ட் பார்ச்சூன் என்ற தாவரவியலாளரைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீன உடை தரித்து, தலையை மழித்துச் சடை வைத்துக்கொண்டு, அந்நியர் நுழையக் கூடாத பகுதிகளுக்குள் சென்று தேயிலைச் செடிகளையும் விதைகளையும் திரட்டினார். பதப்படுத்தத் தெரிந்த தொழிலாளர்களையும் இந்தியாவுக்கு அழைத்துவந்தார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரம்தான். இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன அந்தக் கன்றுகளின் வழிவந்த தோட்டங்கள், நாற்பதே ஆண்டுகளுக்குள் பிரேசிலின் ரப்பர் வணிகத்தை வீழ்த்தின. விதையை எடுத்துச் செல்லக் கூடாது என்ற சட்டம் அப்போது பிரேசிலில் இல்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. ஹாமில்டனுக்குப் பொருந்தும் நியாயம் விக்கமுக்கும் பொருந்தட்டும், நான் ஏற்கிறேன். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மருந்துத் துறையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும் உண்டு என்றது. அதை அக்காலத்தில் பன்னாட்டு நிறுவனங்கள் கொள்ளை என்றே பேசின. அதே கொள்கையைச் சுவிட்சர்லாந்து தன் வேதித்தொழில் வளரும்வரை வைத்திருந்தது. 1907 வரை வேதியியல் கண்டுபிடிப்புகளுக்கு அங்கே காப்புரிமையே கிடையாது, மருந்துப் பொருளுக்கு 1970களின் இறுதி வரை கிடையாது. இந்தியச் சட்டத்தின் நிழலில் வேதியியலாளர்கள் ஒரு தலைமுறைக் காலம் வேறு வேறு செய்முறைகளைக் கண்டுபிடித்துப் பழகினார்கள். 2001இல், எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவாகிக்கொண்டிருந்தபோது, இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அந்த ஒரு விலை அறிவிப்பு ஆப்பிரிக்காவில் எத்தனை உயிர்களின் கணக்கை மாற்றியது என்பதை நினைக்கும்போதெல்லாம், "அறிவுச் சொத்தை மதிக்காத நாடு" என்ற வசையை என்னால் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

அதே காலத்தில், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் கொண்டுபோய் வாதாடி, 1997இல் அதை நீக்க வைத்தது. எழுதி வைத்த சான்று இல்லாத பழங்குடி மக்களின் அறிவுக்கு யார் வாதாடுவார்கள்?

சான்றாவணம் எழுதியது:

மருந்துச்சீட்டு அவர்களின் கேள்வி நியாயமானது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் கொள்ளை அன்று. ஒப்பந்தம் எதையும் மீறாமல் ஒரு நாடு தனக்கென வகுத்துக்கொண்ட கொள்கை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுச் சொத்து ஒப்பந்தத்தில் சேர்ந்தபின், அதில் அனுமதிக்கப்பட்ட கால அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டு, 2005இல் பொருள் காப்புரிமையை இந்தியா ஏற்றது. நான் முன்பு வகுத்த பிரிவுகளில் அது திருட்டில் வராது. சினோவெல் வரும். பெயர்களைக் கவனமாக வைத்தால் நமக்குள் மாறுபாடு மிகவும் குறைந்துவிடும்.

ஆனால் அளவுகோல் அவர்களுக்கு ஒன்று. சினோவெல் பின்னர் வீழ்ந்தது என்பது உண்மைதான். அதனால் பாதிக்கப்பட்ட நிறுவனத்துக்கு அதன் சந்தை திரும்பக் கிடைத்துவிட்டதா? இல்லை. பறிகொடுத்தவர் விட்ட இடத்தைத் திருடாத இன்னொரு சீன நிறுவனம் நிரப்பினாலும், இடம் பறிபோனது திருட்டால்தான். நாடுகளின் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளும் ஒன்று, மனிதர்களின் கணக்கில் ஈடாவதில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

என் முதல் பதிவில் இருந்த ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். அரசுகளின் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால், இழந்தவரின் முகம் எனக்குத் தெரியவில்லை. சான்றாவணம், வரைபலகை இருவருக்கும் நன்றி. இழப்பு உண்மை என்று ஏற்றுக்கொண்ட பிறகும், அதிகாரம் எப்படி இடம்பெயர்கிறது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. அதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

செயற்கைச் சாயத்தை 1856இல் கண்டுபிடித்தவர் வில்லியம் பெர்க்கின், இலண்டனைச் சேர்ந்தவர். ஆனால் அரை நூற்றாண்டுக்குள் உலகச் சாயத் தொழில் ஜெர்மனியின் கையில் இருந்தது; பல்கலைக்கழகங்களும் ஆலை ஆய்வகங்களும் கைகோத்து வேலை செய்த இடம் அது. முதல் உலகப் போரில் அமெரிக்கா எதிரி நாட்டுச் சொத்து என்ற பெயரில் ஜெர்மானியக் காப்புரிமைகளைக் கைப்பற்றியது. அவற்றுள் ஏறத்தாழ 4,500ஐ, 1919இல் இதற்கென அமைக்கப்பட்ட கெமிக்கல் பவுண்டேஷன் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் டாலருக்குப் பெற்று அமெரிக்க நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. ஆவணங்கள் அனைத்தும் கையில் இருந்தன, சட்டமும் துணை நின்றது. இருந்தும் ட்யூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தால் சாயத்தை உரிய தரத்தில் எடுக்க முடியவில்லை. கடைசியில் அது ஜெர்மானிய வேதியியலாளர்களையே அதிக ஊதியம் கொடுத்து அழைத்துக்கொண்டது. காப்புரிமை ஆவணத்துக்கும் சாயத் தொட்டிக்கும் இடையே இருந்த தூரம், வரைபலகை அவர்களின் டிராயிங்குக்கும் உலைக்கும் இடையே இருந்த அதே தூரம்தான்.

மற்றது, இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலிருந்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்தைப் பற்றியது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய நெசவு, நூற்பு இயந்திரத் தயாரிப்பாளர் அவர்கள். ஜப்பானின் ஆலைகள் அவர்களுடைய இயந்திரங்களில்தான் தொழில் பழகின. 1929இல் அதே பிளாட் பிரதர்ஸ், சாக்கிச்சி டொயோடாவின் தானியங்கித் தறியின் காப்புரிமையை ஒரு இலட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. எந்தப் பிரிட்டன் 1843 வரை இயந்திரங்களைத் துறைமுகத்தில் தடுத்ததோ, அந்தப் பிரிட்டன் ஜப்பானிடம் உரிமம் கேட்டு நின்றது. அதிகாரம் இடம்பெயர்ந்ததை நான் அந்த ஒப்பந்தத்தில் பார்க்கிறேன்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2022 அக்டோபரில் அமெரிக்கா உயர்நிலைக் கணினிச் சிப்புகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு விற்கக் கட்டுப்பாடு விதித்தது. அத்துடன், அமெரிக்கக் குடிமக்கள் குறிப்பிட்ட சீனச் சிப் ஆலைகளுக்கு அனுமதியின்றி உதவக் கூடாது என்றும் ஆணையிட்டது. 1718ஆம் ஆண்டுச் சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அதைவிட வியப்பு, சீனா 2023 டிசம்பரில் அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் நுட்பத்தையும், அவற்றிலிருந்து காந்தம் செய்யும் நுட்பத்தையும் வெளிநாட்டுக்குக் கொடுக்கத் தடை விதித்ததுதான். 2025 ஜூலையில் மின்கல நேர்மின்வாய்ப் பொருள்களைத் தயாரிக்கும் நுட்பமும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. நேற்றுவரை கற்றுக்கொண்டிருந்தவர், இன்று தன் பட்டறைக் கதவை உள்ளிருந்து தாழிடுகிறார். இனி வேறொரு நாட்டின் இளைஞர் யாராவது மனப்பாடம் செய்துகொண்டு அங்கிருந்து புறப்படக்கூடும்.

சான்றாவணம் எழுதியது:

வரைபலகை அவர்களிடம் ஒரு கேள்வி. அந்தத் துளை நீதிமன்றத்தில் மிக வலுவான சான்றாகியிருக்கும். பயனற்ற பிழையொன்று இருவரிடமும் ஒரே இடத்தில் இருப்பதற்குத் தற்செயல் என்ற விளக்கம் பொருந்தாது. ஏன் வழக்குத் தொடரவில்லை?

வரைபலகை எழுதியது:

வழக்கறிஞரைப் பார்த்தோம். டிராயிங் எங்கிருந்து வெளியே போனது என்று அவர் முதலில் கேட்டார். உறைகளை வார்த்துத் தரும் பட்டறைக்கு நாங்களேதான் முழுத் தொகுப்பையும் கொடுத்திருந்தோம். இரகசியம் காப்பதாக அவர்களிடம் ஓர் ஒப்பந்தமும் வாங்கவில்லை. தாளில் "இரகசியம்" என்ற முத்திரைகூட இல்லை. வணிக இரகசியம் என்று கோருபவர் அதைக் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் அறிவுச் சொத்து ஒப்பந்தத்தின் 39ஆவது பிரிவே சொல்கிறது என அவர் விளக்கினார். நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை. அதோடு நின்றுவிட்டது.

இப்போது ஒவ்வொரு தாளிலும் முத்திரை இருக்கிறது. பற்சக்கரங்களின் டிராயிங் உறை வார்ப்பவருக்குப் போவதில்லை. பெரிய சிக்கல் வேறு. எங்கள் உலைக்காரர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தெரிந்ததை எழுதி வைத்தால் அந்தத் தாளும் ஒருநாள் வெளியே போகலாம். எழுதாவிட்டால் அவரோடு போய்விடும். நிர்வாகத்தில் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. எழுதுவது என்று முடிவாகி, ஒரு மாதமாக வாரம் இரண்டு நாள் அவருக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று, கதவைத் திறப்பதற்கு முன் உலையின் சுடர் எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்று கேட்டேன். என்னை அருகில் இழுத்து நிறுத்தி, "இப்போது பாருங்கள்" என்றார். அந்த நிறத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் வரும் வாரம் என்னோடு இளைய பொறியாளர்கள் இருவரையும் அழைத்துப்போகிறேன்.